வேற்றுமொழிப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வரும் வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் சேர்கிறார்கள். முன்பு நான் செய்த தவறுகளையே புதிய ஆசிரியர்களும் செய்வதைக் காண்கிறேன். பிள்ளையை அதட்டக் கூடாது என்பதை அவர்களே அறிவார்கள், மற்றவற்றைச் சொல்கிறேன்.

மொழி தெரியாததை அறிவின்மையாகக் கொள்வது

மேற்கு வங்கத்திலிருந்து வந்த 9 வயதுச் சிறுமி, கரும்பலகைக் கணக்குகளுக்குச் சிலேட்டில் விடை எழுதிக் காட்டினாள். 6இல் 2 போனால் 8 என்றும், 5உடன் 2 சேர்ந்தால் 9 என்றும் எழுதியிருப்பதாக எண்ணி, இரண்டையும் தவறென்று அடித்து, அவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். வங்காள எண்களில் 4 நம் 8 போலவும், 7 நம் 9 போலவும் இருக்கும் என்பது, மூன்று மாதம் கழித்து அவள் தந்தையின் கூலிக் கணக்குச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் விடைகள் இரண்டும் சரி.

கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன என் ஐயா பர்மாவில் எழுதிய கணக்குப் பேரேடு எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. அதில் 7 ‘எ’ போலவும், 8 ‘அ’ போலவும் தமிழ் எண்களாகவே இருக்கும். அந்த வீட்டில் பிறந்த எனக்கே இது தோன்றாமல் போனதை இன்றும் பொறுக்க முடியவில்லை. இதே காரணத்துக்காக இன்னொரு பிள்ளை கீழ்வகுப்புக்கு இறக்கப்படும்போது கோபம் வருகிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது.

பணக்கார நாட்டு முறையை அப்படியே எடுப்பது

1971இல் பன்முகப் பண்பாட்டை அரசுக் கொள்கையாக அறிவித்த கனடாவில், குடியேறிய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவே தனி ஆசிரியர்கள் உண்டு. அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் தந்துவிட்டால் மட்டும் அது சமத்துவம் ஆகாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே பள்ளிகள் அசைந்தன. 800க்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட பப்புவா நியூகினி, 1990களில் ஊர்மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, நூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதாத நிலையில் 2013இல் ஆங்கிலத்துக்குத் திரும்பியது. ஓராசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் நம் பள்ளியில், கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பண்பாட்டு விழாவோடு முடிப்பது

ஆண்டுக்கொரு நாள் உடை உடுத்தி ஆட வைப்பது பாடம் ஆகாது.

அண்ணனை மொழிபெயர்ப்பாளனாக்குவது

அவனும் படிக்க வந்த பிள்ளை.

முதல் நாளை வீணாக்குவது

சேர்ந்த அன்றே 0 முதல் 9 வரை அவர்கள் எழுத்தில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம் எண்ணை எழுதி, அந்தத் தாளைக் கணக்குக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.