முன்பல் காட்டிய பொய்: கினிப்பன்றியின் பல் கோளாறைக் கண்டறிந்து கவனிக்கும் முறை

எங்கள் வீட்டுக் கினிப்பன்றியான மிளகுக்கு முன்பற்கள் நீண்டிருந்ததைப் பார்த்து, அதுவே நோய் என்று நம்பி மூன்று வாரங்களை வீணாக்கினேன். நோய் இருந்தது கடைவாயில். அந்த மூன்று வாரங்களில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றை மட்டும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கூண்டு, தண்ணீர்க் குப்பி, நகம் வெட்டுதல் ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வாயின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். முன்னால் மேலும் கீழும் இரண்டிரண்டாக 4 வெட்டுப்பற்கள், பிறகு பல்லே இல்லாத ஓர் இடைவெளி, அதற்கும் பின்னால் ஒவ்வொரு வரிசையிலும் நான்கு நான்காக 16 கடைவாய்ப் பற்கள் இருக்கும், கோரைப்பல் கிடையாது. எலிக்கு முன்பற்கள் மட்டுமே வாழ்நாள் முழுவதும் வளரும். கினிப்பன்றிக்கோ இருபதும் வளரும். புல்லை மணிக்கணக்கில் அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன. அரைப்பது குறைந்தால் கீழ்க்கடைவாய்ப் பற்கள் நாக்கின் பக்கமாகவும் மேற்பற்கள் கன்னத்தின் பக்கமாகவும் சாய்ந்து நீளும். முற்றிய நிலையில் கீழ்ப்பற்கள் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து நாக்குக்கு மேலே பாலம் போட்டதுபோல் மூடிவிடும். நாக்கைத் தூக்க முடியாததால், பசியோடு உணவைத் தேடி ஓடிவரும் விலங்கினால் ஒரு வாய்கூட விழுங்க முடியாமற்போகிறது. பின்பற்கள் நீண்டு தாடை சரியாக மூடாதபோது, முன்பற்களும் ஒன்றோடொன்று உரசாமல் நீளத் தொடங்கும். ஆகவே நீண்ட முன்பல் பெரும்பாலும் விளைவுதான், காரணம் அன்று. கீழ் வெட்டுப்பற்கள் மேற்பற்களைவிட நீளமாக இருப்பது இயல்பே என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தராசு

பல் கோளாறைக் கண்ணுக்கு முன்பே தராசு காட்டிக்கொடுக்கும். இரையாகும் விலங்குகள் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மிளகும் தட்டை நோக்கி ஓடிவந்துகொண்டுதான் இருந்தது. சமையலறையில் மாவு நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றே போதும். அதன்மேல் ஆழமான ஒரு கிண்ணத்தை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், உணவு கொடுப்பதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். குளியலறைத் தராசில் விலங்கைத் தூக்கிக்கொண்டு நின்று உங்கள் எடையைக் கழித்துப் பார்ப்பது வீண் வேலை, ஏனென்றால் நமக்குத் தேவையான வேறுபாடு அதில் தெரியவே தெரியாது. மிளகின் எடை முதல் வாரம் 1,040 கிராம், அடுத்த வாரம் 1,010, மூன்றாம் வாரம் 930. முதலில் குறைந்த 30 கிராமை வெயிலின் மேல் பழிபோட்டுத் தள்ளிவிட்டேன். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

படி 2: தின்னும் விதத்தைப் பாருங்கள்

எவ்வளவு தின்கிறது என்பதைவிட எப்படித் தின்கிறது என்பது முக்கியம். நீளமான ஒற்றைப் புல்லை நீட்டுங்கள். நலமான கினிப்பன்றி அதை நுனியில் பிடித்து, தையல் எந்திரம் நூலை இழுப்பதுபோல் நிற்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மிளகு புல்லைப் பிடித்தது, இரண்டு மூன்று முறை மென்றது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, பிறகு ஈரமான துண்டாகக் கீழே விட்டது. வெள்ளரித் துண்டை மட்டும் எப்படியோ உள்ளே தள்ளியது. கெட்டியானதை விட்டுவிட்டு மென்மையானதைத் தேடுவது, மோவாயும் கழுத்தும் எச்சிலால் நனைந்திருப்பது, புழுக்கைகள் சிறுத்துக் காய்ந்து ஒரு முனை கூராக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலோ, தாடையின் அடியில் விரலுக்குக் கட்டிபோலத் தட்டுப்பட்டாலோ பல்லின் வேர்ப்பகுதி நீண்டிருக்கலாம் அல்லது அங்கே சீழ் பிடித்திருக்கலாம்.

படி 3: மருத்துவரிடம் என்ன கேட்பது

வாயைத் திறந்து கடைவாயை நீங்களே பார்க்க முயல வேண்டாம். வாய் திறக்கும் அளவு மிகக் குறுகலானது; கன்னத்தின் உட்புற மடிப்புகளும் பார்வையை மறைத்துவிடும். விழித்திருக்கும் விலங்கில் மருத்துவரின் ஒளிக்கருவிக்கே பாதிதான் தெரியும் என்பதால், மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதும் தலைப்பகுதியை எக்ஸ்ரே எடுப்பதும் தேவைப்படலாம். நான் முதலில் போன இடத்தில் முன்பற்களை மட்டும் நகவெட்டியால் நறுக்கி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் மிளகு சாப்பிடவில்லை. நறுக்கினால் பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை விரிசல் போகக்கூடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல்லைச் சுழலும் கருவியால் தேய்த்துச் சீராக்க வேண்டும். கடைவாய்ப் பல்லாக இருந்தால் மயக்க மருந்தின் கீழ்தான் அதைச் செய்ய முடியும்.

ஆகவே தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: முயல், கினிப்பன்றி போன்ற சிறு விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா? கடைவாய்ப் பல்லைத் தேய்க்கும் கருவி உண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதில் கிடைக்காவிட்டால் வேறிடம் தேடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம்.

படி 4: சிரிஞ்சால் ஊட்டுதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் எதுவும் உள்ளே போகாவிட்டாலே அது அவசர நிலைதான். பல்லைச் சீராக்கும் நாள் வரும்வரை காத்திருக்க முடியாது.

சத்துமாவு வகையில் ஆக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கேர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். புல் நார் அரைக்கப்பட்டே வருவதால் சிரிஞ்சில் ஊட்ட ஏற்றது. கிடைக்காதபோது, வழக்கமாகக் கொடுக்கும் பெல்லட் எனும் குருணைத் தீவனத்தை மிக்ஸியின் சிறிய ஜாரில் ஈரமில்லாமல் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, வெதுவெதுப்பான நீரில் கரைக்கலாம். நான் முதலில் பெல்லட்டை ஊறவைத்துப் பிசைந்து டீ வடிகட்டியில் வடித்தேன். நாரெல்லாம் வடிகட்டியிலேயே தங்கிவிட, மிளகுக்குக் கிடைத்தது பச்சைத் தண்ணீர். சலித்த பொடியைக் கேழ்வரகுக் கூழ் பதத்தில் கரையுங்கள். பத்து நிமிடத்தில் அது உப்பிக் கெட்டியாகிவிடும் என்பதால் பக்கத்தில் வெந்நீர்க் குவளை இருக்கட்டும்.

சிரிஞ்சில் 1 மில்லி அளவுள்ளதே சிறந்தது; 5 மில்லி சிரிஞ்சை நான் வெறுக்கிறேன், அதை லேசாக அழுத்தினாலும் வாய் நிறைந்துவிடும். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, முனையைப் பிளேடால் சாய்வில்லாமல் வெட்டி, உப்புத்தாளால் ஓரத்தை மழமழப்பாக்கிக்கொள்ளுங்கள். விலங்கைப் பருத்தித் துண்டில் சுற்றி, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்குமாறு மடியில் உட்கார வையுங்கள். மல்லாத்தினால் உணவு மூச்சுக்குழலில் போய்விடும்.

இரண்டு நாட்கள் நான் செய்த தவறு, சிரிஞ்சை முன்பற்களுக்கு நேராக நீட்டி அழுத்தியதுதான். எல்லாம் மோவாயில் வழிந்தது. ‘விழுங்கவே மறுக்கிறது’ என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் கன்னத்தின் உள்மடிப்புகளைத் தாண்டாத உணவு நாக்கின் பின்பகுதிக்குப் போய்ச் சேர்வதே இல்லை. சிரிஞ்சைப் பக்கவாட்டிலிருந்து, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள அந்தப் பல்லில்லாத இடைவெளி வழியாக நுழைத்து, மெதுவாக உள்நோக்கிச் சாய்த்து, 0.2 அல்லது 0.3 மில்லி மட்டும் விடுங்கள். தாடை அசையத் தொடங்கியதா என்று பாருங்கள். அசைந்து நின்றபிறகே அடுத்த துளி. மூன்றாம் நாள் இரவில் முதல்முறையாக மிளகின் தாடை அரைக்கும் சத்தம் என் விரல் வழியாக அதிர்ந்தபோதுதான் கோணம் சரியாக அமைந்தது தெரிந்தது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 80 மில்லி வரை தேவை. நான் 60 மில்லியை ஆறு வேளைகளாகப் பிரித்தேன். ஒரு வேளைக்கு முதலில் நாற்பது நிமிடம் ஆனது, பழகியபின் பதினைந்து.

படி 5: சீராக்கியபின்

பல்லைத் தேய்த்த அன்றைக்கே சாப்பிட ஆரம்பித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாட்களாகத் தாடைத் தசைகள் இழுபட்டிருந்ததால் வலியும் தளர்ச்சியும் இருக்கும். சிரிஞ்சு உணவு சில நாட்கள், சிலவற்றுக்கு ஓரிரு வாரங்கள் தொடர வேண்டும். வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மெலாக்சிகாமை அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

தடுப்பது முழுக்க முழுக்கப் புல்லைச் சார்ந்தது. மரக்கட்டைகளும் கல் உருண்டைகளும் முன்பல்லுக்குப் பொழுதுபோக்கு. கடைவாயைத் தேய்ப்பது புல் மட்டுமே. டிமோதி உலர்புல் நல்லது, ஆனால் இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கடிக்கும். நான் பூக்காரம்மாவிடம் பிள்ளையாருக்கு மாலை கட்டும் அறுகம்புல்லை மாலையாகக் கட்டாமல் கைப்பிடிகளாக வாங்கி, நன்றாகக் கழுவி நீர் வடியவிட்டு, தினமும் உலர்புல்லோடு சேர்த்துக் கொடுக்கிறேன். மருந்து தெளித்த இடத்துப் புல்லைத் தொடாதீர்கள். குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) எனும் தீவனப் பயிரில் கால்சியம் அதிகம். வளர்ந்த விலங்குக்கு அதை அன்றாட உணவாக்க வேண்டாம்.

வைட்டமின் சி-யையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரைப் போலவே கினிப்பன்றியும் இதைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. இது குறைந்தால் பல்லைத் தாடையோடு பிணைக்கும் திசு தளர்ந்துவிடும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சுண்டுவிரல் நுனியளவு கொய்யாத் துண்டும் ஒரு துண்டு குடைமிளகாயும் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பின்சேர்க்கை 1: சீழுக்கு மருந்துக்கடையில் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கிக் கொடுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, சில நாட்களிலேயே கினிப்பன்றி இறந்துவிடக்கூடும். சீழ்க்கட்டி இருந்தால் என்ரோஃப்ளாக்சசின் போன்ற வேறு மருந்துகள் உள்ளன. தேர்வை மருத்துவரிடம் விடுங்கள்.

பின்சேர்க்கை 2: கூழுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கான தானிய மாவும் தயிர்சாதமும் கொடுத்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவற்றில் போதிய நார் இல்லை. மாவுச்சத்தும் பாலும் குடலைக் கெடுக்கும். பெல்லட்டும் கைவசம் இல்லாத இரவில், உலர்புல்லை மிக்ஸியில் நுணுக்கிச் சலித்து, வெள்ளரிச் சாற்றில் குழைத்துக் கொடுத்தால் காலைவரை தாங்கும்.

பின்சேர்க்கை 3: மயக்க மருந்துக்கு முந்தைய இரவு முழுவதும் பட்டினி போடச் சொன்னார்கள் என்று இன்னொருவர் குறிப்பிட்டார். அது நாய், பூனைக்கான விதி. கினிப்பன்றி வாந்தி எடுக்காது. நீண்ட பட்டினி குடலை நிறுத்திவிடும். ஆனால் கன்ன மடிப்புகளில் மென்ற உணவு தங்கியிருக்கும் என்பதால், மயக்கத்துக்குச் சற்று முன் உணவை நிறுத்தி, வாயைச் சுத்தம் செய்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது பழகிய துண்டு, கரைக்கத் தயாரான பொடி, வெட்டித் தீட்டிய மூன்று சிரிஞ்சுகள் ஆகியவை பையில் இருக்கட்டும். கண் விழித்த ஒரு மணி நேரத்தில் அவை தேவைப்படும்.