1,52,184 பேரும் ஒரு எக்செல் கோப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் "பாட்டன் கப்பலில் வந்தார்" என்பதோடு கதை நின்றுவிடும். எந்த ஊரிலிருந்து என்றால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெருந்தரவு (பிக் டேட்டா) வைத்து இடப்பெயர்ச்சியை ஆராய்வது என்றதும் பலர் செல்போன் கோபுரப் பதிவுகளைத்தான் நினைக்கிறார்கள், அது நமக்கு யார் தரப்போகிறார்கள்? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டாலில் இறங்கிய 1,52,184 பேரின் பட்டியல் இருக்கிறது. சாதாரண மடிக்கணினியே தாங்கும், கையால் எண்ணத்தான் முடியாது. பழகுவதற்கு இது போதும்.

முதலில் மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். அப்புறம் கப்பல் வந்த ஆண்டைத் தனி நெடுவரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எக்செலுக்கு 1900க்கு முந்தைய தேதி தேதியே இல்லை, வெறும் எழுத்து. நம் ஆட்களில் பெரும்பகுதி அதற்கு முன்னால் வந்தவர்கள்!

அடுத்ததுதான் உண்மையான வேலை, ஊர்ப் பெயர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், ஒரே ஜில்லா பலவிதமாக இருக்கும். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் க்ளஸ்டர் வசதி இருக்கிறது, ஒத்த எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும். காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள். எழுத்து வித்தியாசத்தை 2 வரை அனுமதித்தால் வட ஆற்காடும் தென் ஆற்காடும் ஒன்று என்று சொல்லும், ஆங்கிலத்தில் எழுதினால் வித்தியாசம் இரண்டே எழுத்துதானே. நான் அப்படியே சேர்த்துவிட்டு, இவ்வளவு பேரா என்று ஒரு ராத்திரி முழுக்க ஆச்சரியப்பட்டேன். ஆள் பெயர்களில் இதைச் செய்யவே வேண்டாம், மூன்சாமியும் முனிசாமியும் ஒரே ஆளா இரண்டு ஆளா என்று மென்பொருளுக்குத் தெரியாது.

இன்னொன்று, ஜில்லா அந்தக் காலத்து ஜில்லா. சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911இல், அதற்கு முன் அந்த ஊர் வட ஆற்காட்டில் இருந்தது. இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை எல்லாம் அதே வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தவைதான். அதனால் இன்றைய மாவட்ட வரைபடத்தில் நேராக வண்ணம் தீட்டினால் தப்பாகத்தான் வரும். பழைய எல்லையைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஊருக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

சரி, இப்போது எக்செலில் வகைவாரியாக எண்ணித் தரும் பிவட் டேபிள் போட்டு ஆண்டுவாரியாக எண்ணுங்கள். 1866க்குப் பின் சில வருடம் காலியாக இருக்கும். பக்கம் தொலைந்துவிட்டது என்று பதறாதீர்கள், நட்டாலில் பொருளாதாரம் படுத்ததால் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள், மறுபடி தொடங்கியது 1874இல்.

இது வந்தவர்களின் கணக்கு மட்டும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களை இதில் கழிக்கவில்லை, சொந்தக் காசில் வந்த குஜராத்தி வியாபாரிகள் இதில் இல்லவே இல்லை.

கடைசியாக, வீட்டுப் பழைய பெட்டியில் காலனி எண் (ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த பதிவு எண்) எழுதிய காகிதம் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்து அல்ல. எங்கள் வீட்டில் அது ஒரு கல்யாணச் சான்றிதழின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது.