50 வயதுக்கு முன்பே வெளிநாட்டில் தங்க: நீண்டகால விசாவுக்கு எங்கே தொடங்குவது?

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா வாங்க 50 வயது ஆகியிருக்க வேண்டும். பல்லடத்தில் இருக்கும் என் பங்காளிக்கு 43. விவரம் கேட்டதும், "இன்னும் ஏழு வருசம் பொறுக்கோணுமாட்ட இருக்குது" என்று விட்டுவிட்டார். பொறுக்க வேண்டியதில்லை. ஓய்வு வயதைக் கேட்காமல் வருமானத்தை மட்டும் பார்க்கும் விசாக்கள் இருக்கின்றன. அவருக்காக ஒரு வருடம் காகிதங்களோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாட்டுக்கு முன்னால் வருமானத்தைப் பாருங்கள்

வாடகை, வட்டி, டிவிடெண்ட் என்று தானாக வரும் பணமா? அப்படியானால் போர்ச்சுகலின் டி7 விசா பொருந்தும். அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம்தான் அளவுகோல். 2025-இல் அது மாதம் 870 யூரோ. மனைவிக்கு அதில் பாதி, பிள்ளைக்கு 30 சதவீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஸ்பெயினிலும் இதே போன்ற விசா உண்டு. அங்கே மாதம் 2,400 யூரோ கேட்பார்கள், வேலை எதுவும் பார்க்கக் கூடாது.

கோவையில் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு எங்கிருந்தும் வேலை செய்ய முடிந்தவர் என்றால் தாய்லாந்தின் டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) பக்கம் பாருங்கள். 2024 ஜூலையில் வந்தது. 20 வயது ஆகியிருந்தால் போதும். ஐந்து வருட விசா. ஒவ்வொரு முறை போகும்போதும் 180 நாள் தங்கலாம். கணக்கில் 5 லட்சம் பாத் காட்ட வேண்டும். தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். அங்குள்ள கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர இந்த விசா உதவாது.

2. வருமானத்தை வங்கிக்குக் கொண்டுவாருங்கள்

நம் பக்கத்து ஆட்கள் சறுக்குவது இங்கேதான். பங்காளிக்குத் தறிக்குடோன் வாடகை மாதம் தவறாமல் வந்தது. ஆனால் எல்லாம் கைப்பணம், பேச்சளவு ஒப்பந்தம். விசா அதிகாரிக்கு அந்த வாடகை இல்லாத வாடகை. முறையாக வாடகை ஒப்பந்தம் போட்டு, பணம் மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வரும்படி மாற்றினோம். ஒரு வருட ஸ்டேட்மென்ட் சேரட்டும் என்று காத்திருந்தோம். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ புரட்டிப் போட்ட பணம் ஸ்டேட்மென்டில் பளிச்சென்று தெரியும், அதைச் செய்யாதீர்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. தாக்கல் செய்து, வரிவிலக்கு வருமானமாக அதைக் காட்டுங்கள். காய்க்கான பணத்தையும் வியாபாரியிடம் வங்கி வழியாகவே வாங்குங்கள்.

3. இனிஷியல்

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பட்டா, வங்கிப் புத்தகம், திருமணச் சான்று எல்லாவற்றிலும் ஒற்றை எழுத்து. வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். பங்காளிக்கு ஆறு காகிதங்களில் நான்கு ஒத்துப்போகவில்லை. வங்கி, பான், ஆதார் மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாத பழைய பத்திரங்களுக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள்.

4. சான்றுகள்

போலீஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி, கோவை மையத்துக்கு நேரம் வாங்கலாம். அதற்கு ஆயுள் சில மாதங்கள்தான், அதனால் கடைசியாக எடுங்கள். திருமணச் சான்று, பிறப்புச் சான்றுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது காகிதம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் செல்லுபடியாகும் முத்திரை. ஐரோப்பாவுக்கு மருத்துவக் காப்பீடும், தங்கப்போகும் வீட்டுக்கான ஆதாரமும் வேண்டும்.

5. கிளம்பும் முன் நிலம்

இதை ஏஜென்ட் யாரும் சொல்லவில்லை, ஆடிட்டர்தான் சொன்னார். வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் இந்தியாவில் விவசாய நிலம் கிரயம் வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதும் வரும். பக்கத்துத் தோட்டத்து ரெண்டு ஏக்கருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறீர்களா? சரி, கிரயத்தை முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பங்காளி இப்போது அந்தப் பத்திரப்பதிவுக்குத்தான் காத்திருக்கிறார்.