போர்ட்டபிள் ஸ்பீக்கரில் மிக்சரை இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் உங்கள் ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கேபிளோ சார்ஜ் செய்யும் பேட்டரியோ இருந்தால் இருக்கிறது என்று அர்த்தம், அப்படியானால் மிக்சரிலிருந்து (மைக், லேப்டாப் சத்தங்களை ஒன்றாகக் கலந்து தரும் கருவி) நேரடியாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் நடுவில் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். மிக்சரிலேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும் ரகம் என்றால், அதன் ஸ்பீக்கர் அவுட்டை ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கரின் இன்புட்டில் செருகவே கூடாது, உள்ளே கருகிவிடும்.

எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மைக்குக்குப் போடும் மூன்று ஊசி கேபிள்) துளை உள்ள முனை மிக்சரின் மெயின் அவுட்டுக்கு, ஊசி உள்ள முனை ஸ்பீக்கருக்கு. செருகியதும் ஸ்பீக்கரின் பின்பக்கம் மைக், லைன் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சத்தம் கரகரவென்று பிளந்து கேட்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஸ்விட்சைப் பற்றித்தான். மைக் தருவது சில மில்லிவோல்ட், மிக்சர் தருவதோ சாதாரணமாகவே ஒரு வோல்ட்டுக்குப் பக்கம். மைக் நிலையில் விட்டால் அத்தனை பெரிய சிக்னலை ஸ்பீக்கர் மறுபடியும் பெருக்கப் பார்க்கும், பிளக்காமல் என்ன செய்யும்? லைனில் வையுங்கள்.

மெயின் அவுட்டை விட்டுவிட்டு ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து எடுப்பவர்கள் நிறையப் பேர். அதில் ஸ்டீரியோ ஜாக்கைச் செருகி மறுமுனையை ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டில் (இரண்டு கம்பிகளில் வரும் சிக்னல்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இன்புட்) கொடுத்தால், இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் பாடகர் குரல் காணாமல் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இசை மட்டும் கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் வரும் அந்த 'டொப்' சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

அப்புறம் அளவு வைப்பது. ஸ்பீக்கர் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். பாடுபவரை மேடையில் பாடப்போகிற அதே பலத்தில் பாடச் சொல்லி, மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கெயினை (உள்ளே வரும் மைக் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) ஏற்றுங்கள். மெதுவாக 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிப் பார்த்து வைத்த கெயினில் முதல் பாட்டிலேயே சத்தம் பிளந்துவிடும். சேனல் ஃபேடரும் மெயின் ஃபேடரும் (மிக்சரில் மேலும் கீழும் தள்ளுகிற வால்யூம் கட்டைகள்) 0 கோட்டில் நிற்க, கடைசியாக ஸ்பீக்கர் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஸ்பீக்கரிலேயே எக்கோ, பேஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள், அந்த வேலையை மிக்சர் ஒன்றே பார்க்கட்டும்.

லேப்டாப்பை இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சிக்கல் எர்த் வழியாக வருகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரே ஸ்பீக்கர்தான் என்றால் மிக்சரில் மோனோ அவுட் (இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து வரும் அவுட்) இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்க அவுட் போதும், ஆனால் மைக்குகளின் பேன் (சத்தத்தை இடமோ வலமோ தள்ளும் குமிழ்) நடுவில் இருக்க வேண்டும். லேப்டாப் பாட்டை மோனோவாக மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் வலப்பக்கம் பதிவான வாத்தியங்கள் கேட்காமலே போகும்.