கரும்பு யார் கையில்? பாட்டுக்குப் பொருள் சொல்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஐஸ்டெட்ஃபாட் என்கிற தமிழ்க் கலைப் போட்டி நெருங்கினால், பிள்ளைகள் பாட்டோடு அதற்கான விளக்கத்தையும் எழுதிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் உளறியதெல்லாம் அதில் அப்படியே இருக்கும். எழுத்துப் பிழை, சீர் பிரிக்கத் தெரியாத திணறல் இவற்றை விட்டுவிடுகிறேன். அகராதியும் ஒரு வாத்தியாரும் இருந்தால் அவை தீர்ந்துவிடும்.

நம் ஊர்க் கரும்பைப் பாட்டுக்குள் நடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 1860 நவம்பர் 16 அன்று, மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் இங்கே கரை சேர்ந்தது. அன்று தொடங்கி, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் நம்மவர் கதை கரும்புக்காட்டுக் கதைதான். அதனால் பாட்டில் கரும்பு என்று வந்த உடனே ‘முன்னோர் பட்ட துன்பம்’ என்று பேனா தானாக எழுதிவிடுகிறது.

பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு வீட்டில் நலங்குக்குப் பாட வைத்திருந்த அம்மன் பாட்டை, “அது கூலிக்காரர் சோகம், மங்கல காரியத்தில் வேண்டாம்” என்று ஒருவர் நிறுத்திவிட்டார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். பாட்டில் இருந்ததோ அம்பாள் கையில் உள்ள கரும்பு வில்! கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

அந்த வில் மன்மதனுக்கும் உரியது. கரும்பு வில், வண்டுகளே நாண், தாமரை முதலான ஐந்து பூக்கள் அம்பு, தென்றல் தேர் என்று அவனுக்கு ஒரு படைக்கலமே உண்டு. காமாட்சி, அபிராமி கைகளிலும் கரும்பு வில்லும் மலர்க்கணையும் இருக்கின்றன. லலிதா சகஸ்ரநாமம் அந்த வில்லை மனம் என்றும், ஐந்து அம்புகளை ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆசையைத் தூண்டும் ஆயுதம், அதை அடக்க வல்லவள் கையில் இருக்கிறது. இதில் கங்காணி எங்கே வந்தான்?

சரி, கரும்பு துன்பமாக வரும் பாட்டே இல்லையா? இருக்கிறது. கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கதறியிருக்கிறார். ஆனால் அது பிஜித் தீவைப் பற்றியது, தலைப்பிலேயே இருக்கிறது. அதை நேட்டால் பாட்டு என்று மேடையேற்றுகிறார்கள். நம் பாட்டிமாரும் அதே பாடு பட்டார்கள் என்று சொல்லுங்கள், தப்பில்லை. இடத்தை மாற்றாதீர்கள். அப்புறம், அங்கே கரும்பு எதற்கும் குறியீடு இல்லை. பெண்கள் உடல் தேய உழைக்கும் தோட்டத்துப் பயிர், அவ்வளவுதான். கரும்பு யார் கையில் இருக்கிறது, அவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

டர்பன் காலண்டரை வைத்துப் படிப்பது

மார்கழிப் பாட்டில் பனி பெய்யும். இங்கே அந்த மாதம் வேர்வை ஊற்றும். ‘வெயில் ஏறுவதற்குள் எழச் சொல்கிறார்கள்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். தப்புதான், ஆனால் பையன் யோசித்திருக்கிறான். தென்றல் இன்னும் வம்பு. பொதிகையிலிருந்து இதமாக வந்து, பிரிந்திருக்கும் காதலர்களை வாட்டுகிற காற்று அது. டர்பனில் தெற்கத்திக் காற்று என்றால் குளிரும் மழையும் சேர்ந்து வரும், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவோம். ஆடி மாதம் அங்கே காவிரியில் புதுவெள்ளம், இங்கே மழையில்லாத குளிர்காலம். பாட்டு பிறந்த மண்ணின் பருவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மயிலை அழகு என்று மட்டும் எழுதுவது

அது சூரன். வருஷா வருஷம் காவடி எடுக்கிற ஊரில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் உட்பொருள் தோண்டுவது

நிலா வந்தால் சில சமயம் இரவு என்று மட்டும்தான் பொருள்.

சினிமாப் பாட்டில் இரண்டு வரியை மட்டும் பிய்த்தெடுப்பது

‘கண்ணே’, ‘மானே’ எல்லாம் காதலிக்கும் வரும், தொட்டில் குழந்தைக்கும் வரும். மழையும் அப்படித்தான், கதையைப் பொறுத்துக் கொண்டாட்டமாகவும் பிரிவாகவும் பெய்யும். வரியை மட்டும் போனில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று கேட்பேன். முழித்தால், படத்தைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன்.