கதவு தட்டும் ஓசையிலிருந்து வர்ணனைக் கட்டுரை வரை: தரம் பத்தில் மக்பெத்

மட்டக்களப்பில் நான் கற்பிக்கும் தரம் பத்து வகுப்பில், சரளமாக வாசிப்பவரும் எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் மக்பெத்தையும் வர்ணனை எழுதுவதையும் சேர்த்துக் கற்பிக்க, ஈராண்டு முயற்சிக்குப் பின் எனக்குக் கைகூடிய முறை இது.

முதலில் கதையை முடிவுவரை சொல்லிவிடுங்கள். ஆவல் குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். கர்ணன் மடிவான் என்பது தெரிந்தேதான் நம்மூர்ச் சனம் விடியும்வரை கூத்துக் களரியைச் சுற்றி இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணி என்ற நாடகவியல் நூலில் செகசிற்பியாரின் (ஷேக்ஸ்பியருக்கு அவர் இட்ட தமிழ்ப் பெயர்) நாடகக் கதைகளைச் சுருக்கிச் சொல்லி, தெரிந்தெடுத்த பகுதிகளையே தமிழாக்கித் தந்தார்.

அடுத்து, இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மட்டும் எடுங்கள். டங்கன் மன்னனின் கொலை மேடையில் நிகழ்வதில்லை. ஆந்தை அலறியதும் சில்வண்டு கத்தியதும் பாத்திரங்களின் பேச்சில் வர, பிறகு வாயிற்கதவு தட்டப்படுகிறது. யன்னல்களைச் சாத்தி, இருவரை வாசிக்கவிட்டு, மற்றவர்களைக் கண்மூடச் சொல்லுங்கள். மேசையைத் தட்டும் பொறுப்பை வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கே கொடுங்கள்: காட்சியில் நான்கு இடங்களில் தட்ட வேண்டியிருப்பதால், அவர் ஒவ்வொரு வரியையும் விரல்வைத்துப் பின்தொடர்வார்.

நான் இடறியது எழுதும் கட்டத்திலேதான். கெட்டிக்காரருக்கு ஒன்று, நடுத்தரத்தினருக்கு ஒன்று, மெல்லக் கற்போருக்கு ஒன்று என மூன்று செயற்றாள்கள் தயாரித்தேன். இலகுவான தாளைப் பெற்ற பிள்ளைகள் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதியதைக் கண்டதும் அம்முறையை அன்றோடு விட்டேன். இப்போது எல்லோருக்கும் ஒரே தாள், மூன்றே கேள்விகள்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? முதலில் எது கேட்டது? அப்போது அருகிலிருந்தவர் என்ன செய்தார்? ஒருவர் மூன்று வசனம் எழுதட்டும், இன்னொருவர் இரண்டு பக்கம் எழுதட்டும். 'பயங்கரம்', 'அழகு' ஆகிய இரு சொற்களுக்கு மட்டும் தடை. முன்பு "இரவு மிகவும் பயங்கரமாக இருந்தது" என்று எழுதி நிறுத்திய, அன்று மேசையைத் தட்டிய மாணவன் இப்படி எழுதினான்: "நான் பாயில் கிடந்தேன். தகரப் படலை ஒருமுறை அடித்தது. அம்மா மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது." வகுப்பில் அன்று அதைவிட நல்ல வர்ணனை வரவில்லை.

முதல் நாளில் புரொஜெக்டரில் படம் காட்டாதீர்கள். பார்த்த படத்தையே எல்லோரும் எழுதுவார்கள். வெண்கட்டியும் அரைத்தாளும் போதும். முழுத்தாளின் வெறுமை பல பிள்ளைகளை மலைக்க வைக்கிறது. திருத்தும்போது பிழைகளையெல்லாம் சிவப்பாக்காமல், நல்ல வசனம் ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு, அதை இன்னும் இரண்டு வசனங்களுக்கு வளர்க்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: தட்டும் சத்தம் பக்கத்து வகுப்பைக் குழப்புகிறது என்று கல்முனை ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். மேசைமேல் கொப்பி ஒன்றை வைத்து அதன்மீது விரல்முட்டியால் தட்டச் சொல்லிப் பார்த்தேன்; ஓசை தாழ்ந்ததால் பிள்ளைகள் இன்னும் கூர்ந்து கேட்டார்கள்.