ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியில் உயிர் வராமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் குறும்படத்துக்கும் கோயில் பாட்டுக்கும் இசை செய்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை, ஒரு லப்டொப், ஒரு சின்னக் கீபோர்ட் இருந்தால் வேலை தொடங்கிவிடுகிறது. மிக்ஸ் பண்ணித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். திறந்து கேட்டால் மெட்டு வடிவாக இருக்கும், கோர்ட்ஸும் நன்றாக இருக்கும். வயலின்கள் உள்ளே வந்ததும் பாட்டு விறைத்துப்போகும். ஆளுக்கு ஆள் வேறு ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரிதான் (வயலின் வகைக் கருவிகளை நோட் நோட்டாகப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கத் தரும் மென்பொருள்) பாவிக்கிறார்கள், ஆனால் தவறுகள் ஒன்றே. எங்கள் செட்டில் எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் என்பதால்தான் எழுதி வைக்க நினைத்தேன்.

நோட் பிழைக்காமல் வாசியுங்கள், நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அவை உங்களுக்கே தெரியும்.

இரண்டு கையாலும் கோர்ட் பிடிப்பது

பியானோ பழக்கம் இது. லைப்ரரியில் வயலின் பட்ச்சை, அதாவது வயலின் ஒலித் தொகுதியைத் திறந்து, நான்கு விரலால் ஒரு கோர்ட்டை அமுக்குவது. அந்தப் பட்ச்சில் 16 பேர் சேர்ந்து வாசித்த ஒலி பதிவாகி இருக்கிறது என்று வையுங்கள். நான்கு நோட் அமுக்கினால் 64 வயலின். பெரிய சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா ஒன்றில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செலோ 10, டபிள் பேஸ் 8 என்று எல்லாம் கூட்டினாலே 60 பேர்தான். ஒலி தடித்து, மங்கி, கீபோர்ட் பேட் மாதிரி ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு குரலையும் தனி ட்ராக்கில் வாசியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பிபிசி சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா டிஸ்கவர்கூட ஐந்து பிரிவையும் தனித்தனியாகத் தருகிறது. வியோலா வரியை மட்டும் தனியாகப் போட்டுக் கேளுங்கள். வாயால் பாடக்கூடிய ஒரு வரியாக அது இருக்க வேண்டும். பாட முடியாவிட்டால் அங்கே கோர்ட்டின் மிச்ச நோட்டுகள்தான் கிடக்கின்றன என்று அர்த்தம்.

வயலினை ஜி-க்குக் கீழே இறக்குவது

இறங்காதீர்கள். ஆகத் தாழ்ந்த நோட், மிடி எண்ணில் (கீபோர்ட் கட்டைகளுக்குக் கம்ப்யூட்டர் தரும் எண்), வயலினுக்கு 55, வியோலாவுக்கு 48, செலோவுக்கு 36. அதற்குக் கீழே கருவியில் தந்தி இல்லை.

வொலியூமை ஏற்றி இறக்கிவிட்டு, உணர்ச்சி வந்துவிட்டதாக நினைப்பது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் பொறுக்க முடிவதில்லை. காசையும் நேரத்தையும் இதைப்போல வேறெந்தத் தவறும் தின்பதில்லை.

வயலின்காரர் சத்தத்தைக் கூட்டும்போது வில்லில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வில் வேகமாகப் போகிறது, அழுத்தம் கூடுகிறது, தந்தியில் வில் படும் இடம் பிரிட்ஜ் பக்கம் நகர்கிறது. மென்மையாக வாசிக்கும்போது வில் ஃபிங்கர்போர்ட் பக்கம் போய்விடும். இதனால் சத்தத்தின் அளவோடு சேர்ந்து ஒலியின் நிறமே மாறுகிறது. பலமாக வாசித்தால் மேல் ஹார்மோனிக்ஸ் கிளம்பும், நோட்டின் தொடக்கத்தில் ஒரு கடி இருக்கும். மென்மையாக வாசித்தால் அவை அடங்கிவிடும். மீன்காரர் காலி வீதிப் பக்கம் நின்று கூவினால், மூன்று ஒழுங்கை தள்ளி உங்களுக்கு மெல்லியதாகத்தான் கேட்கும். ஆனாலும் அது கூவல் என்று காதுக்குத் தெரியும். வயலினும் அப்படியே.

லைப்ரரி செய்கிறவர்கள் இதற்காகத்தான் ஒரே நோட்டை மென்மையாக, நடுத்தரமாக, பலமாக என்று பல அடுக்காகப் பதிவு செய்கிறார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையே போய்வரும் கைப்பிடி, பெரும்பாலான லைப்ரரிகளில், கீபோர்டின் இடது பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரமான மொட் வீல். அதாவது சிசி 1 (சிசி என்பது கீபோர்டில் இருந்து லைப்ரரிக்குப் போகும் கட்டுப்பாட்டுச் செய்தி, உச்ச அளவு 127). சிசி 7 (வொலியூம்), சிசி 11 (எக்ஸ்பிரஷன்) இரண்டும், எந்த அடுக்கு ஒலிக்கிறதோ அதன் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். சிசி 1 ஐ 40 இல் விட்டுவிட்டு சிசி 11 ஐ 127 வரை ஏற்றினால் கிடைப்பது, மென்மையாக வாசித்த வயலினின் பெரிய சத்தம். உச்சத்தில் பாட்டு வெடிக்க வேண்டிய இடத்தில் அது வெறுமனே பருத்து நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி நத்தார்ப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேவாலயப் பாடகர் குழுவுக்குச் செய்தது. கடைசிச் சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ் எழும்பவில்லை என்பதுதான் அவருடைய முறைப்பாடு. எழும்பாததால் இரண்டாவது லைப்ரரி ஒன்றை மேலே போட்டிருந்தார். அதற்கும் எழும்பாததால் ஹோர்ன்ஸ். பிறகு கம்ப்ரெஸர், அதற்கு மேல் நீண்ட ஹோல் ரிவேர்ப் (மண்டப எதிரொலி). வொலியூம் ஓட்டோமேஷனை மலைத்தொடர் போல அழகாக, பொறுமையாக, மௌஸால் வரைந்திருந்தார். சிசி 1 ஐத் திறந்து பார்த்தேன். முதல் பாரில் இருந்து கடைசிப் பார் வரை 40 இல் ஒரு நேர்கோடு.

அந்த இரண்டாவது லைப்ரரியை அக்காவின் கார்ட்டில் டொலருக்கு வாங்கியிருக்கிறார். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டிய நாட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செலவழித்ததுதான் எனக்குக் கோபம். வருத்தம் அவர்மேல் இல்லை. நோட்டை முதலில் போடு, உணர்ச்சியைப் பிறகு வரையலாம் என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தின்மேல்.

சேர்த்த எல்லாவற்றையும் மியூட் செய்தேன். வொலியூம் ஓட்டோமேஷனை அழித்தேன். "தம்பி, வலது கையால முதல் வயலின் வரியை மட்டும் வாசியும். இடது கையை வீலில இருந்து எடுக்காதையும்" என்றேன். அவருடைய கீபோர்டில் வீல் இறுக்கம். கட்டைவிரல் நகம் வெளுக்க அமுக்கித் தள்ளினார். முதல் தடவை ஏறவேண்டிய இடத்தில் பிந்தினார். அடுத்ததில், உச்ச நோட்டுக்கு அரைப் பார் முன்பே கை தானாக ஏறத் தொடங்கியது. வாசித்து முடித்துவிட்டுத் திரும்பி, "அண்ணா, இது என்ர பழைய லைப்ரரிதானா?" என்று கேட்டார். பழையதுதான்.

இந்தத் தவறு அதன் இடத்தில் நின்றுவிடாது. சிசி 1 செத்திருந்தால் நோட் செத்துக் கேட்கும். அதை மறைக்க இன்னொரு ட்ராக் சேர்ப்பீர்கள். ட்ராக் கூடினால் சேறாகும், அதை வெட்ட ஈக்யூ போடுவீர்கள். ஈக்யூ போட்டதும் மெலியும். கடைசியில் அரேஞ்ச்மென்டே கெட்டுவிடும். நோய் முதல் ட்ராக்கில் இருக்க, மருந்து இருபது ட்ராக்கில் போய்க்கொண்டிருக்கும். மிக்ஸில் இதைத் திருத்தவே ஏலாது. திரும்ப வாசிக்கத்தான் வேண்டும்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நீண்ட நோட் ஒன்று ஒருபோதும் அசையாமல் நிற்கக்கூடாது. அது எங்கேயோ போய்க்கொண்டிருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தோ திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் ஒரு 4/4 பார் மூன்று விநாடிக்குச் சற்று அதிகம். அதில் எட்டுப் பார் மெட்டு என்றால், சிசி 1 ஆனது 35 அளவில் தொடங்கி, மூன்றாம் பாரில் 60 ஐத் தொட்டு, கொஞ்சம் இறங்கி, ஆறாம் பாரில் 95 க்குப் போய், கடைசி இரண்டு பாரில் 25 க்கு வந்து அடங்கட்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். 127 ஐப் பாட்டில் ஓரிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிக மென்மையான அடுக்குக்கும் கீழே போய் ஒலி முற்றாக மறைய வேண்டிய இடத்தில் சிசி 11 உதவும். அதன் வேலை அங்கேதான்.

இரண்டு கையும் ஒத்துழைக்காவிட்டால் முதலில் நோட்டை வாசித்து, அடுத்த தடவை பாட்டு ஓட ஓட வீலை மட்டும் பதிவு செய்யுங்கள். மௌஸ் திருத்தத்துக்கு மட்டும். சில வீட்டுக் கீபோர்டுகளில் பிட்ச் பென்ட் மட்டும்தான் இருக்கும், மொட் வீல் இருக்காது. அப்படியென்றால் ஃபேடர் உள்ள சின்ன மிடி கன்ட்ரோலர் ஒன்று போதும். டச் ஓஎஸ்சி மாதிரி ஆப் ஒன்றைப் போட்டால் போனே ஃபேடராகும்.

வாசித்து முடித்த முதல் வயலினின் கேர்வை அப்படியே கொப்பி பண்ணி மற்ற நான்கு பிரிவுக்கும் ஒட்டுவதை விடுங்கள். எல்லோரும் ஒரே நொடியில் ஏறி ஒரே நொடியில் இறங்கினால் மொத்தப் பிரிவும் ஒற்றைக் கருவியாகச் சுருங்கிவிடும். செலோ முன்னதாகவே ஏறலாம், வியோலா தாழ்ந்தே இருக்கலாம். ஐந்து வரிக்கும் ஐந்து தரம் வீலைப் பிடியுங்கள்.

சோலோ வயலினில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இரண்டு அடுக்கு கலக்கிற இடத்தில் வீலை நிறுத்தினால் இரண்டு வயலின் வாசிப்பதுபோலக் கேட்கும். அந்த இடத்தைக் கடந்து போங்கள், தங்காதீர்கள்.

முதல் நோட்டுக்கு முன்னால் சிசி 1 எழுதாமல் விடுவது

எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாட்டை எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ, அந்தப் பலத்தில் அடுத்த தடவை தொடங்கும்.

லெகாட்டோவைக் கிரிட்டில் ஒட்டுவது

லெகாட்டோ என்றால் நோட்டுகளை இடைவெளியில்லாமல் இணைத்து வாசிப்பது. அந்தப் பட்ச்சில் ஒரு நோட்டில் இருந்து அடுத்ததற்குப் போகும் வழியையும் பதிவு செய்து வைத்திருப்பார்கள். நீங்கள் கட்டையை அமுக்கியதும் முதலில் அந்த வழிதான் ஒலிக்கும், நோட் பிறகுதான் வந்து சேரும். சில லைப்ரரிகளில் இதற்குக் கால் விநாடியும் எடுக்கும். 100 வீதம் குவான்டைஸ் செய்தால், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் (கிரிட்) அப்படியே ஒட்டவைத்தால், வயலின்கள் எல்லோருக்கும் பின்னால் இழுபட்டு வரும். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று நினைத்து பஃபரை (ஒலியைக் கம்ப்யூட்டர் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) குறைப்பார்கள். ஒலி வெடிக்கத் தொடங்கும், பிந்துவது மட்டும் அப்படியே இருக்கும்.

நோட்டுகளைக் காதால் கேட்டு முன்னுக்கு இழுங்கள். அல்லது ட்ராக் டிலேயில் மைனஸ் பெறுமதி கொடுங்கள். எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். பல லைப்ரரிகளில் லெகாட்டோவின்போது வெலோசிட்டி (கட்டையை அமுக்கும் வேகம்) சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத்தான் தீர்மானிக்கும். ஆகவே பலமாக அமுக்கினால் பலமாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினால்தான் லெகாட்டோ வேலை செய்யும். ஆனால் பாட்டு முழுக்க ஏற்றியே வைத்தால் வில் திரும்பவே இல்லை என்று ஆகிவிடும். பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில் இடைவெளி விடுங்கள்.

ஒரே ஸ்பிக்காட்டோவைப் பதினாறு தடவை ஒட்டுவது

ஸ்பிக்காட்டோ என்பது வில்லைத் துள்ளவிட்டு வாசிக்கும் குறுகிய நோட். கையால் வாசியுங்கள். ரவுண்ட் ரொபின் (ஒரே நோட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு பதிவை மாற்றி ஒலிக்கச் செய்வது) வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஹோல் ஒலிக்கு மேல் இன்னொரு ஹோல்

மண்டபத்தில் பதிவான லைப்ரரிக்குள் மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. க்ளோஸ் மைக்கையும் ரூம் மைக்கையும் முதலில் சரிப்படுத்திவிட்டு, தேவையென்றால் ரிவேர்ப்பின் வாலை, அதாவது ஒலி தேய்ந்து போகும் பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர்கெஸ்ட்ராவை நேரில் கேட்காமலே எழுதுவது

ஸ்ரீலங்கா சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958 இல் இருந்து இந்த ஊரில் இருக்கிறது. அவர்களுடைய கச்சேரிக்கு ஒரு தடவையாவது போய், முன்வரிசையில் இருந்து வில்களைப் பாருங்கள். உச்ச நோட்டுக்கு எவ்வளவு முன்னால் வில் விரைகிறது என்பதைக் கண் பிடித்துக்கொண்டால், வீலைப் பிடிக்கும் கை தானாகத் திருந்தும்.

பிட்ச் வீலால் கமகம் கொடுப்பது

எங்கள் பிள்ளைகளில் பலர் சின்ன வயதில் கர்நாடக வயலின் படித்தவர்கள். அந்தக் காதோடு லைப்ரரியைத் திறந்ததும், காந்தாரத்தை அசைக்கத் தோன்றுவது இயல்பு. பிட்ச் வீலைப் பிடித்து ஆட்டுவார்கள். 16 பேரின் வைப்ரேட்டோவும் மண்டபத்தின் எதிரொலியும் எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் மேலும் கீழும் வளையும். மண்டபம் வளைவதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கர்நாடக வயலினில் கமகம் விரலின் வேலை. தரையில் இருந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வைத்துக்கொள்வதால் இடது கை தாங்கும் வேலையில் இருந்து விடுபட்டு, தந்தி நெடுகிலும் வழுக்கிப் போக முடிகிறது. ஸ, ப, ஸ, ப என்று சுருதி கூட்டியிருப்பதும் அதற்கு ஏற்றதுதான். மேலைத்தேயப் பிரிவாகப் பதிவான சாம்பிளில் இருந்து இதை எடுக்க முடியாது.

ஆனால் நாங்கள் இருப்பது கொழும்பில். பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரை வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அரங்கேற்றங்களுக்கு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, உரிய காசைக் கொடுத்து, மெட்டு வரியை உண்மையாக வாசிக்க வையுங்கள். லைப்ரரிப் பிரிவு, கமகம் வந்து நிற்கும் சுரங்களை மட்டும் நேராகப் பிடிக்கட்டும். மைக்கை மிகக் கிட்ட வைக்க வேண்டாம். வில் உரசல் மட்டும் பெரிதாகிவிடும். மூன்றடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில் இருந்து பார்க்கும்படி வையுங்கள். லைப்ரரிக்குப் போடும் அதே ரிவேர்ப்பில் இதையும் அனுப்புங்கள்.

வருபவரிடம் சுருதியை முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டு டி-யில் என்றால் இரண்டு கட்டை, சி ஷார்ப்பில் என்றால் ஒன்றரைக் கட்டை. ஏ 440 க்கு டியூன் செய்த தம்புரா ஆப் ஒன்றை ஹெட்போனில் கேட்கவிட்டு அவர் சுருதி சேர்க்கட்டும். வந்த பிறகு ட்யூனை மாற்றச் சொன்னால் தந்திகள் அடங்கி நிற்கவே அரை மணித்தியாலம் போய்விடும்.